வட்டத்துக்குள் பெருக்கல் குறி

மின்சாமான் கடையில் பல்பு அலமாரிக்குக் கீழே ஒரு உயரமான ஸ்டூல் உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து இருட்டும்வரை அதில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் போனபிறகு வயரிங் வேலைக்குப் போவதில்லை, இந்தக் கடையில்தான் சம்பளத்துக்கு இருக்கிறார். சட்டைப் பையில் செருகியிருக்கும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கடைக்கு வருகிற எலக்ட்ரீஷியன்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவார்கள், பாதிப் பேர் சந்தேகம் கேட்க வருவார்கள். வர முடியாதவர்கள் ஏணி மேல் நின்றபடியே போன் போடுவார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக்கு மினுக்கென்று எரிகிறது, வீட்டுக்காரர்கள் பேய் என்று பயப்படுகிறார்கள் என்பான் ஒருவன். பேயும் இல்லை பிசாசும் இல்லை, சுவிட்சுக்குள் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு வழியாக நூலளவு கரண்ட் கசிகிறது, சுவிட்சை மாற்று என்பார். படுக்கையறைக் கூரையில் எத்தனை விளக்கு பதிப்பது என்பான் இன்னொருவன். நாலு போதும், விளக்குக்கும் விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறாயோ அதில் பாதியைச் சுவருக்கு விடு என்பார். நீளமாக ஒட்டிய பட்டை விளக்கு கடைசியில் அழுது வடிகிறது என்றால், இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் கொடுக்கச் சொல்வார். எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

விடை கிடைத்ததும் போன் வைக்கப்பட்டுவிடும். "சரிண்ணே" என்ற ஒற்றை வார்த்தை, அப்புறம் ஒன்றுமில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஏணி மேல் நிற்பவன் நலம் விசாரித்துக்கொண்டா இருப்பான்? டெஸ்டர்தான் ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொண்டார். விடை நாக்கு நுனியில் இருக்கும்போதே, சுவர் என்ன நிறம், கூரை என்ன உயரம், வீட்டில் எத்தனை பேர் என்று வேண்டாத கேள்வியெல்லாம் கேட்டு இழுப்பார். இரண்டு நிமிடப் பேச்சு ஐந்து நிமிடமாகும். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவர் காலையில் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

ஊருக்கெல்லாம் வெளிச்சம் சொல்கிறவர் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். ஒற்றை அறை. நடுவில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு மொட்டை பல்பு. சாப்பிட உட்கார்ந்தால் பல்பு முதுகுக்குப் பின்னால் போய்விடும், அவர் நிழல் அவர் தட்டிலேயே விழும். ஹோல்டரை இரண்டடி தள்ளி மாட்டினால் தீர்ந்தது. எட்டு வருடமாக அவர் அதைச் செய்யவில்லை. கேட்டால், யாருக்காகச் செய்வது என்பார்.

ஒருநாள் மத்தியானம் நெட்டையிடமிருந்து போன் வந்தது. நெட்டை இந்த ஊருக்கு வந்து நாலைந்து வருடம் ஆன எலக்ட்ரீஷியன். ஏணியில்லாமலேயே கூரையைத் தொடுவான் என்று கடையில் கேலி செய்வார்கள். கை சுத்தமான வேலைக்காரன்.

"அண்ணே, ஒரு வீட்ல பழைய போர்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டியிருக்கேன். கீழுக்கு ஒரு லீக்கேஜ் பிரேக்கர், மாடிக்கு ஒண்ணு. எல்லாம் நல்லா ஓடுது. ஆனா மாடிப்படி லைட்டைப் போட்டா ரெண்டு பிரேக்கரும் சேந்து விழுது."

டெஸ்டருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கரண்ட் ஒரு கம்பியில் போனால் அதன் ஜோடிக் கம்பியில்தான் திரும்ப வேண்டும். மாடிப்படி விளக்குக்கு மட்டும் யாரோ கீழ்த்தளத்துக் கம்பியிலிருந்து கரண்டை எடுத்து, மாடிக் கம்பி வழியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பழைய பிரேக்கர் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. லீக்கேஜ் பிரேக்கர் அப்படியல்ல. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கிற ரகம் அது. கீழே உள்ளது, போனது திரும்பவில்லையே என்று விழும், மேலே உள்ளது, நான் அனுப்பாதது வருகிறதே என்று விழும். திருப்பும் கம்பியை, நியூட்ரலை, கீழிருந்து புதிதாக இழுத்துவிட்டால் முடிந்தது.

சொல்லியிருந்தால் "சரிண்ணே" என்று வைத்திருப்பான். டெஸ்டர் வழக்கம்போல இழுத்தார். பழைய போர்டு மூடிக்குள் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார்.

"பென்சில்ல ஒரு வட்டம் போட்டு உள்ள பெருக்கல் குறி போட்டிருக்குண்ணே. கீழ தேதி."

மின் வரைபடத்தில் விளக்குக்கு அதுதான் குறி. வேலை முடித்த ஒவ்வொரு போர்டிலும் டெஸ்டர் அதைத்தான் கையெழுத்தாகப் போட்டுவந்தார். கடையில் ஒருவருக்கும் இது தெரியாது. ஊரில் நூற்றுக்கணக்கான மூடிகளுக்குள் அந்தக் குறி இருக்கும். தேதியைப் படிக்கச் சொன்னார். நெட்டை படித்தான். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. மகளுக்கு ஒரு வயது நிறைந்த வாரம்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றுகொண்டார். அது அவர் வீடு. அவர் மனைவியும் மகளும் இருக்கிற வீடு.

"யார் போட்ட வேலைண்ணே இது?" என்று நெட்டை கேட்டான். குரலில் ஏதோ ஜாக்கிரதை இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் டெஸ்டர் இல்லை.

"எவனோ அரைகுறை போட்டிருக்கான். இதெல்லாம் போன்ல சொன்னா புரியாது, நேர்ல பாக்கணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நானே வரேன்."

பதினோரு மணிதானே என்று நெட்டை ஒருமுறை கேட்டுக்கொண்டான். பிறகு சரி என்றான். அதுவரை அந்த வீட்டில் விளக்கு எரிய வேண்டுமே என்று, லீக்கேஜ் பிரேக்கர் இரண்டையும் கழற்றிவிட்டுப் பழைய சாதா பிரேக்கரையே போட்டுவிட்டுப் போகச் சொன்னார் டெஸ்டர். ரொம்ப அக்கறை.

ஒரே மூச்சில் இரண்டு பொய். போட்டது எவனோ அல்ல. போனில் சொன்னால் தாராளமாகப் புரியும். விடையைக் கொடுத்துவிட்டால் அந்த வாசலில் போய் நிற்கக் காரணம் இல்லாமல் போய்விடும். எட்டு வருடமாக அவர் தேடிய காரணம் தானாகத் தேடி வந்திருக்கிறது. அதை இரண்டு நிமிடத்தில் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தத் தப்பு நடந்த கதை சின்னது. வீட்டுப் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. இடுப்பில் குழந்தையும் கையில் துணிக்கூடையுமாக ஏறுகிறேன், ஒரு விளக்கு போட்டுக் கொடுங்கள் என்றாள் மனைவி. முறைப்படி செய்வதென்றால் புதிதாக வெள்ளையடித்த சுவரை வெட்ட வேண்டும். மாடியில் கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு நியூட்ரல் ஓடியது. அதிலேயே முறுக்கிவிட்டார். விளக்கு எரிந்தது, அவளும் சந்தோஷப்பட்டாள். தப்பு என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். இன்னொருவன் அப்படிச் செய்திருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பார்.

தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். அதுதான் அவர் குணம். மகளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒருநாள் பள்ளியிலிருந்து அழைத்துவரும் முறை அவருடையது. மறந்துபோனார். குழந்தை பூட்டிய கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் மழையில் நின்றது. வீட்டுக்கு வந்து அவர் பள்ளியைத் திட்டினார், மழையைத் திட்டினார், போன் செய்யாத வாத்தியாரம்மாவைத் திட்டினார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதில் பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் கூப்பிடுவாள் என்று நினைத்தார். அவளும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. வருடங்கள் அப்படியே ஓடிவிட்டன.

மறுநாள் காலை கடையில் அரைநாள் விடுப்புச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே, அவரும் ஒரு சந்தேகம் கேட்டார். கண்ணாடிக்கு மேல் விளக்கு போட்டிருக்கிறேன், ஆனாலும் தாடைக்குக் கீழே இருட்டாகவே இருக்கிறதே? மேலே போடாதீர்கள், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் போடுங்கள் என்றார் டெஸ்டர். அன்றைக்குக் கேட்டவருக்கெல்லாம் வாரி வழங்கும் மனநிலை. வாசலில் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதலில் படிக்கட்டைப் பார்ப்பது, பிறகு தண்ணீர் கேட்பது.

ஒரு பக்கக் கன்னம் முடிந்திருந்தது. இருட்டைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று கடைக்காரர் எட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

சுவிட்சில் பட்ட அந்த விரலைப் பார்த்ததும் டெஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

நெட்டை சும்மா இருக்கிறவன் அல்ல. பதினோரு மணிவரை காத்திருக்காமல் மாடி வேலையைத் தொடங்கியிருப்பான். மாடி பிரேக்கரை அணைப்பான், தன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான், கரண்ட் இருக்காது. தைரியமாக நியூட்ரல் முறுக்கைப் பிரிப்பான். அந்த நேரம் பார்த்துப் படியேற வருகிறவர்கள் விளக்கைப் போட்டால், கீழ்த்தளத்துக் கரண்ட் பல்பு வழியாக ஏறி நேரே அவன் கைக்கு வரும். செத்த கம்பி என்று அவன் பிடித்திருப்பது செத்த கம்பி அல்ல. காப்பாற்றியிருக்க வேண்டிய லீக்கேஜ் பிரேக்கரைக் கழற்றி வைக்கச் சொன்னதும் இவரேதான். ஏணி உச்சியில் ஒரு உதறல் போதும். விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் தோளுக்குத் தெரியும்.

நெட்டைக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. கீழே எங்காவது பையில் கிடக்கும். இன்னொரு எண் அவர் போனில் இருந்தது. 'வீடு' என்றே பதிந்து வைத்திருந்தார். எட்டு வருடமாக அதன் மேல் விரலை வைத்து வைத்து எடுத்த எண். இந்த முறை அழுத்தினார்.

"ஹலோ" என்றது ஒரு பெண்குரல். அவர் விட்டுவந்தபோது கீச்சென்று இருந்த குரல்.

"மாடிப்படி சுவிட்சை யாரும் தொடக்கூடாது. மெயினை இறக்கு. இப்பவே."

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். ஓட்டம். அவள் எதையோ கத்துவது கேட்டது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்டர் பாதி நுரை முகத்தோடு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இறக்கிட்டேன்" என்று மகள் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. "அவரு ஏணி மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அம்மா துணிக்கூடையோட படிக்கிட்ட வந்தாங்க. நான் கத்தினதுல சுவிட்ச்கிட்ட போன கையை எடுத்துட்டாங்க."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். ஆகவில்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டு வயரிங் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நெட்டை சொன்னான் என்று சொல்லிவிடலாம். அனுபவத்தில் ஊகித்தேன் என்றும் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். இரண்டும் தயாராகத் தொண்டை வரை வந்து நின்றன. அவர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் நுரையுமாக ஒரு ஆள் பயந்து போய் உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் போட்டேன்மா. தப்பாப் போட்டேன். அன்னிக்கே தெரியும் தப்புன்னு. நேத்தும் தெரியும். உடனே சொல்லிட்டா உங்களைப் பாக்க வர முடியாதேன்னு மறைச்சேன்." நிறுத்த நினைத்தார், நிற்கவில்லை. "நீ மழையில நின்னதும் என் தப்புதான். நான் மறந்துட்டேன். வேற யாரும் காரணமில்ல."

அந்தப் பக்கம் ரிசீவரை வேறு கைக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"நேத்து எலக்ட்ரீஷியன் போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு" என்றாள் மகள். "அம்மாதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க. 'இது அவர் போட்டதுதான், அவரே சொல்லட்டும்'னு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. எவனோ அரைகுறைன்னு நீங்க சொன்னதும் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க."

எட்டு வருடம் கழித்து அவள் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் அதைத் தன் வாயாலேயே சாத்தியிருக்கிறார்.

"இப்ப வரட்டுமா?" என்றார்.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவள் யாரிடமோ கேட்பது புரிந்தது. "இன்னிக்கு வேணாமாம். எப்படி மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லிடுங்களாம், அவரே செஞ்சிடுவாராம்."

நெட்டை வந்து பேசினான். டெஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். மாடி முறுக்கு எந்த மூலையில் இருக்கிறது, எதைப் பிரித்து மூடி வைக்க வேண்டும், கீழிருந்து நியூட்ரலை எந்தக் குழாய் வழியாக இழுத்தால் சுவரை வெட்டாமல் தப்பலாம், முடிந்ததும் லீக்கேஜ் பிரேக்கரை மறக்காமல் மாட்ட வேண்டும் என்பது வரை. சுவர் என்ன நிறம் என்று கேட்கவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. நெட்டை "சரிண்ணே" என்று வைத்தான்.

மிச்சக் கன்னத்தையும் மழித்துக்கொண்டு கடைக்கே திரும்பினார். அரைநாள் விடுப்பு என்றீர்களே, என்ன இவ்வளவு சீக்கிரம் என்று முதலாளி கேட்டார். வேலை போனிலேயே முடிந்துவிட்டது என்றார். இஸ்திரிச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே என்று வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். சமையல் மேடைக்கு எந்த விளக்கு என்று ஒருவன் கேட்டான். மேல் அலமாரியின் அடியில் முன்விளிம்பை ஒட்டிப் போடு, பின்னால் போட்டால் சுவருக்குத்தான் வெளிச்சம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பார்க்கக் காரணமில்லாமல் இருந்த காலம் வேறு. இன்று காரணம் வந்து, கையை விட்டுப் போயிருந்தது.

ஆறு மணி வாக்கில் நெட்டை கூப்பிட்டான். லீக்கேஜ் பிரேக்கர் இரண்டும் அசையாமல் நிற்கின்றன, விளக்கு மேலேயும் கீழேயும் சரியாக எரிகிறது என்றான். வீட்டுக்கார அக்கா நாலு தடவை ஏறி இறங்கிப் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள் என்றான். நல்லது என்றார் டெஸ்டர். இனி வைத்துவிடுவான் என்று போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

நெட்டை வைக்கவில்லை.

"அண்ணே, பழைய போர்டு மூடியைத் தூக்கிப் போட்டுடவான்னு அக்காகிட்ட கேட்டேன். வேணாம், புது போர்டு பக்கத்துல சுவத்துலயே மாட்டுன்னாங்க. அப்புறம் பென்சிலைக் கேட்டு வாங்கினாங்க. பழைய தேதிக்குக் கீழ இன்னிக்குத் தேதியை எழுதினாங்க."

டெஸ்டர் காத்திருந்தார்.

"அது பக்கத்துல உங்க குறியைப் போட்டாங்கண்ணே. வட்டமும் பெருக்கலும். வட்டம்தான் கொஞ்சம் கோணலா வந்துடுச்சு."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். எதிரில் ஒருவன் ஹோல்டர் வேண்டும் என்று நின்றான். இரு என்று கையைக் காட்டினார்.

"அதுக்குக் கீழ இன்னும் எழுத இடம் இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"சும்மாதான் கேட்டேன்."

நெட்டை எட்டிப் பார்க்கப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. மாடிப்படி விளக்கின் சுவிட்சைத் தட்டும் சத்தமும் கேட்டது.

"இருக்குண்ணே" என்றான். "நாலு விரக்கடை இருக்கும்."